ஏலக்காய் ஸ்டோரில் 13 நாளுக்கு ஒருமுறை விழுந்த வைஃபை பெட்டி

நேற்றோடு 41 நாள் ஆகிவிட்டது. கம்பம்மெட்டுக்கு மேலே, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் நான் மாட்டிவைத்த வைஃபை பெட்டி இதுவரை ஒருதடவைகூட விழவில்லை. இன்று காலை கம்பத்தில் இருந்தபடியே உள்ளே போய்ப் பார்த்தேன். பெட்டியின் இயங்குதள மையமான கெர்னல் கையில் வைத்திருக்கும் 8 கிலோபைட் பஃபர்கள் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத் துண்டுகள்) 39. முதல் நாள் நோட்டில் எழுதியது 38. இந்த இரண்டு எண்ணுக்கும் பின்னால் மூன்று மாத வேலை இருக்கிறது. மறப்பதற்குள் நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன். வயர்லெஸ் டிரைவரில், அதாவது வைஃபை சில்லை இயக்கும் நிரலில், கைவைக்கிற யாருக்காவது இரண்டு ராத்திரி மிச்சமானால் நல்லது.

ஸ்டோர் என்று இங்கே சொல்வது பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்தை. உலர்த்தும் அறையில் சூடு 45 முதல் 55 டிகிரிக்குள் நிற்கவேண்டும். ஏறிப்போனால் காயின் பச்சை நிறம் வெளுக்கும். நிறம் வெளுத்த காய்க்குப் புத்தடியிலோ போடியிலோ ஏலத்தில் விலை கிடைக்காது. அதனால்தான் அந்த அறைக்குள் 2 இடத்திலும், தோட்டத்தில் நிழல் மரங்களுக்கு அடியில் 12 இடத்திலும் இஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை போர்டுகளை வைத்தேன். மொத்தம் 14 நோடு. ஒவ்வொன்றும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, வைஃபையில் சேர்ந்து, சூட்டையும் ஈரத்தையும் அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும்.

இவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன ரவுட்டர். 64 எம்பி ரேம், ஒற்றை கோர் மிப்ஸ் பிராசசர், ஓப்பன்வர்ட் 23.05 என்ற ரவுட்டர் லினக்ஸ், அதாவது 5.15 கெர்னல். பெட்டியின் சொந்த ரேடியோ முதலாளி பங்களாவோடு பேசும். நோடுகளோடு பேச ஒரு யுஎஸ்பி அடாப்டர். ஆன்டெனா கேபிளை நீட்டினால் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு மீட்டர் சிக்னல் தேயும் என்பதால், அடாப்டரையே ஒரு ஜிஐ பைப்பின் உச்சியில் ஏற்றி, கீழே 5 மீட்டர் யுஎஸ்பி கேபிள் இறக்கினேன். யுஎஸ்பி 2.0-க்கு அதுதான் எல்லை. அடாப்டர் ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம், கேபிள் அடிப்பக்கமாக நுழையும். இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

அடாப்டரில் இருக்கும் சில்லுக்குக் கெர்னலோடு வரும் டிரைவர் கிடையாது. சில்லு செய்தவர்கள் எப்போதோ வெளியிட்ட மூலநிரலை ஒருவர் கெர்னலின் வைஃபை அடுக்கான மேக்80211-க்கு ஏற்றபடி திருத்தி வைத்திருந்தார். அதைத்தான் கட்டி, அதாவது கம்பைல் செய்து, போட்டிருந்தேன். பல மாதம் ஒழுங்காக ஓடியது.

ஜூலையில் ஒருநாள் ராத்திரி ஸ்டோர்காரர் போன் செய்தார்.

"தம்பி, போன்ல டிகிரியே வரமாட்டேங்குது. காய் உள்ள கெடக்கு, நான் எதப் பாத்து வெறகு போட?"

"அண்ணே, அந்தக் கறுப்புப் பெட்டியோட ஒயரப் புடுங்கி, பத்து எண்ணிட்டு மாட்டுங்க."

மாட்டினார், வந்துவிட்டது. 13 நாள் கழித்து அதே போன். அப்புறம் 12 நாளில் இன்னொன்று. மழையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸை மழைத்துளி ஒன்றும் செய்யாது என்று தெரியும், ஆனால் நனைந்த இலை சிக்னலை நன்றாகவே குடிக்கும். வெயில் அடித்த வாரத்திலும் பெட்டி விழுந்தபோது அந்தச் சந்தேகம் போனது.

அடுத்து நான் செய்தது தப்பு. தினமும் விடியற்காலை 3 மணிக்குப் பெட்டி தானாக ரீபூட் ஆகும்படி நேரம் குறித்து வேலை ஓட்டும் கிரானில் ஒரு வரி போட்டேன். இந்த மாதிரிப் பெட்டிகளில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. எழுந்தவுடன் கடைசியாக மாறிய கோப்பின் தேதியைத்தான் நேரமாக எடுத்துக்கொள்ளும், இன்டர்நெட் வந்தபிறகு திருத்திக்கொள்ளும். ஒருநாள் பங்களாப் பக்கம் கரண்ட் போயிருந்தது. பெட்டி பழைய நேரத்திலேயே நின்று, அதன்பிறகு எடுத்த சூட்டுக் கணக்கு எல்லாம் முந்தின தேதியில் பதிவாகி, காலையில் பார்த்தால் உலர்த்தும் அறையின் கோடு நடுவில் அறுந்து கிடந்தது. அன்றைக்கு அறையில் இருந்த காய் என் பொறுப்பு. அந்த வரியை எடுத்துவிட்டு, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இனி எதையும் மூடிமறைப்பதில்லை என்று உட்கார்ந்தேன்.

ஓப்பன்வர்ட்டில் லாக் எல்லாம் ரேமில்தான் இருக்கும், கரண்டைப் பிடுங்கினால் போய்விடும். அதனால் லாகைப் பங்களாக் கம்ப்யூட்டருக்கு அனுப்பவைத்தேன். அடுத்த விழுகையில் கடைசி வரிகள் கிடைத்தன. நினைவகம் தீர்ந்து, கெர்னல், நோடுகளை வைஃபையில் சேர்த்துக்கொள்ளும் புரோகிராமான ஹோஸ்ட்ஏபிடியைக் கொன்றிருந்தது. ஹோஸ்ட்ஏபிடி போனால் நோடுகள் சேர இடமில்லை. விழுந்தது பெட்டி என்று நினைத்தோம். உண்மையில் அந்த ஒரு புரோகிராம்தான்.

என் சேகரிப்பு ஸ்கிரிப்டைத்தான் அடுத்து பிடித்தேன். நான் எழுதியது, தப்பு என்னிடம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நான்கு நாள் அதன் நினைவக அளவைக் குறித்தேன். அசையவே இல்லை. எந்தப் புரோகிராமும் வளரவில்லை, ஆனால் மொத்தத்தில் மீதம் மட்டும் குறைகிறது. மெம்இன்ஃபோ கோப்பில் 'எஸ்அன்ரீக்ளைம்' என்று ஒரு வரி உண்டு, கெர்னல் தனக்காக எடுத்துக்கொண்டு திருப்பித் தரமுடியாத பங்கு. அதுதான் ஏறிக்கொண்டிருந்தது. இதை முதல் நாளே பார்த்திருந்தால் நான்கு நாள் மிச்சம்.

எந்த அளவு பஃபர் ஏறுகிறது என்று பார்க்க ஸ்லாப்இன்ஃபோ என்ற கெர்னல் பட்டியல் வேண்டும். என் பெட்டியின் இமேஜில் அது இல்லை, கெர்னலை நானே கட்டி ஏற்றினேன். காலை 6 மணிக்கு 8 கிலோபைட் வரிசையில் 212, மாலை 6 மணிக்கு 296. பன்னிரண்டு மணி நேரத்தில் 84 கூடியிருக்கிறது. மற்ற அளவுகள் ஏறி இறங்கின, இது மட்டும் ஏறியது. டிரைவரின் மூலநிரலில் 8192 என்று தேடினால் ஒரே இடம்: காற்றில் அனுப்பப்போகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அடாப்டருக்கான தலைப்பைச் சேர்த்து நகல் எடுக்கும் பஃபர்.

நாளுக்கு 168 பஃபர், தலா 8 கிலோபைட் என்றால் கிட்டத்தட்ட 1.3 எம்பி. பெட்டி எழுந்ததும் மீதம் இருப்பது 17 எம்பி. வகுத்துப் பார்த்தால் 13 நாள். இந்தக் கணக்கு பொருந்திய ராத்திரி எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. பார்ப்பது சரியான இடத்தைத்தான் என்று தெரிந்துவிட்டது.

நம்பிக்கை ஏறியதும் அடுத்த தப்பு. பாக்கெட்டை யுஎஸ்பிக்கு ஒப்படைக்கும் இடத்தில், ஒப்படைப்பு தோற்றால் பஃபரை விடுவிக்காமலே பிழை எண்ணோடு திரும்பும் ஒரு கிளை இருந்தது. 'இதோ கசிவு, எடுத்த நினைவகம் திரும்பாமல் போகும் இடம்' என்று அங்கே ஒரு விடுவிப்பு வரி சேர்த்து, ஜீப் பிடித்து மேலே போய் ஏற்றினேன். அரை நாளில் பெட்டி மொத்தமாகச் செத்தது. இரண்டு ஃபங்ஷன் மேலே போய்ப் பார்த்தால், பிழை எண் கிடைத்ததும் அதே பஃபரை மறுபடி வரிசையில் சேர்க்கிறார்கள். நான் கீழே விடுவித்ததை அவர்கள் மேலே வரிசையில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கிளையில் கசிவே இல்லை. ஒரு பஃபர் இந்த நொடியில் யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல், விடுவிக்கும் வரி கண்ணில் படவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டேன். அன்று முதல் ஒரு தாளில் பஃபரின் பயணத்தை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் 'இப்போது யாருடையது' என்று எழுதத் தொடங்கினேன். அந்தத் தாள்தான் கடைசிவரை உதவியது.

மலைமேல் இருந்துகொண்டு இதைப் பிடிக்கமுடியாது என்று புரிந்தது. 64 எம்பியில் பரிசோதனைக் கெர்னல் மூச்சுவிடாது. கேசான் என்ற, நினைவகத்தைத் தவறாகத் தொடுவதைப் பிடிக்கும் சோதனைக் கருவி 2015-இல் 4.0 கெர்னலோடு வந்தது. மிப்ஸில் அது ஓடவே ஓடாது, ஓடும் இடத்திலும் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அதனால் அதே மாடல் அடாப்டர் இன்னொன்று வாங்கி, என் கடையில் கிடந்த 4 ஜிபி பழைய லேப்டாப்பில் மாட்டினேன். அதே 5.15 கெர்னல், கசிந்த நினைவகத்தைத் தேடும் கேமெம்லீக் கருவியைப் போட்டுக் கட்டினேன். எல்லா மாட்யூலோடும் கட்ட 3 மணி நேரத்துக்கு மேல். தேவையானதை மட்டும் வைத்துக் குறைத்தபிறகு 40 நிமிடம். இதை முதலிலேயே குறைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் இருபது தடவை கட்டவேண்டிவரும்.

மூன்று நோடுகளை மேசையில் வைத்து, 10 நிமிடத் தூக்கத்தை 4 நொடி ஆக்கினேன். நிமிடத்துக்கு 45 தடவை சேர்ந்து பிரியும், மணிக்கு 2,700. தோட்டத்தில் ஒரு முழு நாளில் 14 நோடும் சேர்ந்து 2,016 தடவைதான். ஆகவே முக்கால் மணி நேரத்தில் மேசையில் ஒரு நாள் ஓடிவிடும்.

ஒன்றுமே கசியவில்லை. ராத்திரி முழுக்க ஓட்டினாலும் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஒரு வாரம் இதில் போனது. அப்புறம்தான் தோன்றியது: மேசையில் நோடும் அடாப்டரும் ஒரு முழ தூரத்தில் இருக்கின்றன, அனுப்பியது அனைத்தும் முதல் தடவையே போய்ச் சேர்கிறது. தோட்டத்தில் ஏலத்தட்டைக்கும் ஈர இலைக்கும் நடுவில் அப்படி இல்லை. அடாப்டரின் ஆன்டெனாவைக் கழற்றலாம், ஆனால் ஆன்டெனா இல்லாமல் அனுப்பவைத்தால் அதன் பெருக்கி கெடக்கூடும். எவர்சில்வர் தூக்குவாளிக்குள் நோடுகளை வைத்து, மூடியை ஒரு விரல் அகலம் சாய்த்து வைத்தேன். மணிக்கு நூற்றுக்குமேல் கசிய ஆரம்பித்தது. மூடியை நகர்த்தினால் எண் மாறும். ஒரு கோளாறை நினைத்தபோது வரவழைக்க முடிந்த அந்தச் சாயங்காலம்தான் வேலையில் பாதி முடிந்தது.

கேமெம்லீக் தன் பட்டியலைத் தந்தது. யாரும் சுட்டிக்காட்டாத 8192 பைட் பொருள், அது எந்த ஃபங்ஷனில் பிறந்தது என்ற தடம். நூறு உருப்படிக்கும் ஒரே தடம். ஆனால் பிறந்த இடம் எனக்கு முன்பே தெரியும். எங்கே தொலைந்தது என்பதை அது சொல்லாது.

சரி, தொலையும் இடத்தைப் பார்க்க டிரைவருக்குள் அங்கங்கே, நடப்பதை லாகில் எழுதும் பிரிண்ட்கே வரிகள் போட்டேன். கசிவு நின்றுவிட்டது. வரிகளை எடுத்தால் திரும்ப வந்தது. சீரியல் கன்சோலில் 115200 வேகத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் போகிற நேரம், இரண்டு வேலைகளின் முந்து பிந்தை மாற்றிவிடுகிறது. எழுதினால் மறைகிற கோளாறு என்றால் அது பெரும்பாலும் ரேஸ்தான். அங்கேதான் நான் தேடுவது வெறும் மறதி இல்லை, இரண்டு பேர் ஒரே பொருளை ஒரே நேரத்தில் தொடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். பிரிண்ட்கேயை எல்லாம் ட்ரேஸ் பிரிண்ட்கே ஆக்கினேன். அது நினைவகத்துக்குள்ளேயே எழுதிவைக்கும், வேகம் கெடாது. கசிவும் இருந்தது, தடமும் கிடைத்தது.

தடத்தில் வந்த வரிசை இது. நோடு தன் அளவை அனுப்புகிறது. நம் பக்கம் இருந்து அதற்கு ஒரு பதில் பாக்கெட் கிளம்புகிறது. நோடோ அதற்குக் காத்திராமல் 'நான் பிரிகிறேன்' என்று சொல்லித் தூங்கிவிடுகிறது. ஹோஸ்ட்ஏபிடி உடனே அந்த நோடின் கணக்கை மூடச் சொல்கிறது. டிரைவர் அந்த நோடுக்கான காத்திருப்பு வரிசையைக் காலி செய்கிறது, மேக்80211 நோடுக்கான நினைவகத்தை விடுவிக்கிறது. இதற்குப் பிறகுதான் அடாப்டர், அந்தப் பதில் பாக்கெட்டைப் பலதடவை அனுப்பிப் பார்த்துக் களைத்து, 'போய்ச் சேரவில்லை' என்று அறிக்கை தருகிறது. அறிக்கையைக் கையாளும் ஃபங்ஷன், தோற்ற பஃபரை இன்னொரு முயற்சிக்காக நோடின் வரிசையில் சேர்க்கிறது. அந்த நோடே இல்லை. இல்லாத ஒருவரின் இடத்தில் பஃபரின் முகவரியை எழுதுகிறது. அடுத்து வருகிற நோடுக்கு அதே இடம் ஒதுக்கப்பட்டு, பூஜ்யத்தால் துடைக்கப்படுகிறது. முகவரி அழிந்தது, பஃபர் அனாதை.

ஆக, கசிவும் ரேஸும் ஒன்றே. நான் கசிவை மட்டும் எத்தனை தடவை அடைத்திருந்தாலும் நிற்காது. இடையில் இரண்டு தடவை பெட்டி சம்பந்தமில்லாத இடத்தில் செத்ததற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். துடைப்பதற்கு முன் அந்த இடத்தை வேறு யாரோ வாங்கியிருப்பார்கள்.

இன்னொன்றும் அன்று விளங்கியது. பழைய நோடு புரோகிராமில் பிரியும்போது எதுவும் சொல்லாது, அப்படியே தூங்கிவிடும். ஹோஸ்ட்ஏபிடி 300 நொடி பார்த்துவிட்டுத்தான் கணக்கை மூடும். அதற்குள் எல்லா அறிக்கையும் வந்து முடிந்திருக்கும். எந்த நோடு உயிரோடு இருக்கிறது என்று பட்டியலில் தெளிவாகத் தெரியட்டுமே என்று ஜூன் கடைசியில் நான்தான் 'சொல்லிவிட்டுப் பிரி' என்ற வரியைச் சேர்த்தேன். முதல் விழுகை அதிலிருந்து 13-ஆம் நாள். டிரைவரில் இருந்த ஓட்டை பழையது, திறந்துவிட்டது என் வரி. அந்த மாற்றத்தைத் தேதியோடு நோட்டில் எழுதியிருந்தும் திருப்பிப் பார்க்கவில்லை. இனி எந்தக் கோளாறுக்கும் முதல் வேலை, அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் நான் என்ன மாற்றினேன் என்று பார்ப்பதுதான்.

ஊகத்தை உறுதி செய்ய கேசான் போட்ட கெர்னல். ரேஸின் இடைவெளியைப் பெரிதாக்க, அறிக்கை ஃபங்ஷனில் 50 மில்லிநொடி தாமதம் வைத்தேன். முதலில் தூங்கிக் காத்திருக்கும் எம்ஸ்லீப் போட்டுவிட்டேன். அந்த ஃபங்ஷன் டாஸ்க்லெட் என்ற, இடையில் நிற்காமல் முடியவேண்டிய கெர்னல் வேலைக்குள் ஓடுவது, அங்கே தூங்கக்கூடாது, கெர்னல் உடனே கத்தியது. தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் எம்டிலே ஆக்கினேன். மூன்றாவது பிரிவிலேயே அறிக்கை வந்தது: விடுவித்த நினைவகத்தைத் தொட்டது யார், அது ஒதுக்கப்பட்டது எங்கே, விடுவித்தது எங்கே என்று மூன்று தடமும் ஒன்றன்கீழ் ஒன்றாக. என் தாளில் வரைந்திருந்த படம் அப்படியே திரையில் இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

திருத்தம் மூன்று தடவையில்தான் சரியானது.

முதல் தடவை, நோடின் விவரங்கள் இருக்கும் ஸ்ட்ரக்ட்சருக்குள்ளேயே 'போகிறது' என்று ஒரு கொடி வைத்தேன். அறிக்கை வந்தால் கொடியைப் பார்த்து, இருந்தால் பஃபரை விடுவிக்கட்டும் என்று. கேசான் அதே கூச்சலைப் போட்டது, இப்போது கொடியைப் படிக்கும் வரியில். விடுவிக்கப்பட்ட இடத்துக்குள் கொடியை வைத்தால், அதைப் படிப்பதே தப்பு.

இரண்டாவது தடவை, பஃபருக்குள் நோடின் பாயிண்டரை (நினைவக முகவரியை) வைப்பதையே நிறுத்தினேன். டிரைவரில் 32 இடம் கொண்ட ஒரு அட்டவணை, பஃபரில் அந்த இட எண் மட்டும். மேக்80211 ஒரு நோடை அழிக்கும்போது ஆர்சியூ காத்திருப்புக்கு (பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும்வரை நிற்பது) முன்னால் டிரைவரை ஒருதடவை கூப்பிட ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த அழைப்பில் அட்டவணையில் இருந்து நோடை எடுத்துவிடுவேன். அதன் பிறகு மேக்80211 காத்திருக்கிறது, அதற்குள் நோடைக் கையில் பிடித்திருந்த அறிக்கை ஃபங்ஷன்கள் எல்லாம் முடிந்துவிடும். காத்திருப்பு முடிந்தபிறகு வரும் இரண்டாவது அழைப்பில்தான் வரிசையைக் காலி செய்கிறேன். பழைய நிரலில் இரண்டையும் ஒரே இடத்தில், காத்திருப்பைப் பற்றிக் கவலைப்படாமல் செய்திருந்தார்கள். அறிக்கை ஃபங்ஷன் ஆர்சியூ வாசிப்புப் பூட்டுக்குள் இட எண்ணைத் தேடும். நோடு கிடைத்தால் வரிசையில் சேர்க்கும், கிடைக்காவிட்டால் விடுவிக்கும். மொத்தம் முப்பது வரிகூட வராது.

கசிவு நின்றது. ஆனால் தடத்தில் ஒரு விநோதம்: 2-ஆம் நோடுக்கான பாக்கெட் 3-ஆம் நோடின் வரிசையில். பழைய நோடு போய், அதே இட எண் புதியவருக்குக் கிடைத்து, தாமதமாக வந்த அறிக்கை அவர் தலையில் விழுந்திருக்கிறது. மூன்றாவது தடவை ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தலைமுறை எண் சேர்த்தேன். இட எண்ணும் தலைமுறையும் இரண்டும் பொருந்தினால்தான் சேர்க்கலாம்.

இதற்குள், பூட்டுகளில் உள்ள தப்பைக் கண்டுபிடிக்கும் லாக்டெப்பையும் போட்டுப் பார்த்தேன், அது வேறு ஒன்றைப் பிடித்தது. அதே வரிசையை வொர்க்கர் என்ற பின்னணி வேலையும் டாஸ்க்லெட்டும் தொடுகிறார்கள், இரண்டு பக்கமும் வெறும் ஸ்பின்லாக், கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே நிற்கவைக்கும் பூட்டு. லேப்டாப்பில் வொர்க்கர் பூட்டைப் பிடித்திருக்கும்போது அதே கோரில் டாஸ்க்லெட் வந்தால் அப்படியே உறைந்துவிடும். ஸ்டோர் பெட்டியில் இன்னும் மோசம். ஒற்றை கோர் கெர்னலில் ஸ்பின்லாக் என்பது கட்டும்போதே கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆகிவிடும், ஆக வரிசையை மாற்றும் நடுவில் டாஸ்க்லெட் புகுந்து சங்கிலியை அறுத்துவிடலாம். வொர்க்கர் பக்கம் டாஸ்க்லெட்டைத் தடுக்கும் வகைப் பூட்டாக மாற்றினேன். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துகிற அளவு வேலை, ஆனால் நானாகப் பார்த்திருக்க மாட்டேன்.

கேசிசான் என்று ரேஸுக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. கேசானோடு சேர்ந்து அதைக் கட்டமுடியாது, தனியாகக் கட்டி ஒருநாள் ஓட்டினேன். கெர்னல் முழுக்க இருந்து சின்னச் சின்ன அறிக்கையாக வந்து குவிந்தது. எனக்கு உபயோகப்படவில்லை.

தாமதத்தை எடுத்துவிட்டு, தூக்குவாளி மூடியைச் சாய்த்து, ராத்திரி 9 மணி நேரம் ஓட்டினேன். 24,300 பிரிவு. பஃபர் எண் தொடங்கிய இடத்திலேயே நின்றது. கேமெம்லீக் காலி. ஞாயிற்றுக்கிழமை காலை, காய் எடுக்கப் போகும் ஆட்களோடு ஜீப்பில் ஏறிப் போய் ஏற்றினேன். ஸ்டோர்காரர் கட்டங்காப்பி கொடுத்துவிட்டு, "இனிமே ஒயரப் புடுங்க வேண்டியதில்லையே?" என்றார். "இருவது நாள் போகட்டும்ணே, அப்பறம் சொல்றேன்" என்றேன்.

செலவு: அடாப்டர் இரண்டு, தலா 1,150 ரூபாய். ஸ்டோர் பெட்டியின் கன்சோலைப் படிக்கச் சீரியல் போர்டு 180 ரூபாய். (இதில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் மூன்றை மட்டும் இணையுங்கள், பவர் பின்னைத் தொடவேண்டாம்.) 5 மீட்டர் கேபிள் 350. ஜீப் 11 நடை, போகவர 120 வீதம் 1,320. மொத்தம் 4,150 ரூபாய். என் நேரத்தைக் கணக்கில் எழுதவில்லை.

அடுத்த தடவை லேப்டாப்பையும் இரண்டாவது அடாப்டரையும் முதல் வாரமே ஏற்பாடு செய்வேன். ஸ்லாப்இன்ஃபோ இல்லாத இமேஜை மலைமேல் ஏற்றமாட்டேன். தினமும் காலை 6 மணிக்கு அந்த 8 கிலோபைட் எண் என் போனுக்கு வரும்படி இப்போது வைத்திருக்கிறேன், அதையும் முதல் நாளே செய்திருக்கவேண்டும். நோடுகள் 'சொல்லிவிட்டுப் பிரி' வரியோடுதான் ஓடுகின்றன. அதை எடுத்தாலே கசிவு நின்றிருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நிற்கும், ஓட்டை அப்படியே இருக்கும், அதனால் எடுக்கவில்லை. திருத்தங்களைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கேசான் அறிக்கையை இணைத்து, அந்த மூலநிரலைப் பராமரிப்பவருக்கு அனுப்பிவிட்டேன்.

ஒன்று பாக்கி. அடாப்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் இன்னும் நான்கு பஃபர் தொலைகிறது, ஒவ்வொரு தடவையும் சரியாக நான்கு. ஸ்டோரில் யாரும் பைப் உச்சிக்கு ஏறிப் பிடுங்கப்போவதில்லை, அவசரமில்லை. தூக்குவாளி இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.